ரஞ்சிதம், இருபத்துமூன்று வயது

ஐம்பத்திரண்டு. சிவப்பு எழுத்து ஒருமுறை சிமிட்டிவிட்டு நின்றது. நர்சிங் கவுன்சில் அலுவலகத்தில் என்னுடைய டோக்கன் எழுபத்துநான்கு. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிடும், வராமலும் போகலாம், வராமல் போனால் நல்லது என்று மனதின் ஒரு மூலை சொல்கிறது, அந்த மூலைப் பக்கம் நான் திரும்பவில்லை. மடியில் கோப்பு. பத்தாவது, பன்னிரண்டாவது, சாதிச் சான்றிதழ், நர்சிங் டிகிரி, நான்கு வருட மதிப்பெண்கள், ஆதார், இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் எவரும் பட்டம் வாங்கவில்லை என்று விசாரித்து எழுதிக் கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழ், வெள்ளைப் பின்னணியில் நான்கு போட்டோ. போட்டோவில் எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி இருக்கிறேன். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல், எல்லா நகலிலும் என் கையெழுத்து, அம்சவேணி, அம்சவேணி, அம்சவேணி என்று நேற்றுப் போட்டுப் போட்டுக் கடைசியில் அது வேறு யாருடைய பெயரோ என்றாகிவிட்டது. ஓர் இடத்தில் மட்டும் போடவில்லை. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்து அடியில், ‘மேலே தந்துள்ள விவரங்களும் இணைப்புகளும் முற்றிலும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்று அச்சடித்திருக்கிறது, அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்கு மேல் ஒன்றுமில்லை. ரயிலில் போடலாம் என்று நினைத்தேன், வண்டி ஆடியது. அரக்கோணத்தில் கால் மணி நேரம் ஆடாமல் நின்றது. அப்போதும் போடவில்லை. திங்கட்கிழமை வேலூரில் எனக்கு வேலை கிடைத்திருக்கிற ஆஸ்பத்திரிக்குப் பதிவு எண்ணோடு போனால் குழந்தைகள் வார்டில் சேர்த்துக்கொள்வார்கள். எண் இல்லாமல் போனால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். இந்த எண் கையில் வரும்வரை நான் நர்ஸ் இல்லை, ஊசி போடத் தெரிந்த ஒரு பெண், அவ்வளவுதான். ஐம்பத்துமூன்று. இவ்வளவு சீக்கிரமாகவா?

கோப்புக்கு அடியில் கேஸ் புக். பச்சை அட்டை, முதுகில் நான் ஒட்டிய பிளாஸ்டர். கவுன்சிலின் அறிவிப்பில் அதற்கு நேராக ‘கேட்டால் காட்டவும்’ என்று இருந்தது. கேட்பார்களா? கேட்க மாட்டார்கள் என்று என்னோடு படித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், அவர்களில் பாதிப் பேர் எண் வாங்கி வேலைக்கும் போய்விட்டார்கள், ஷர்மிளா பெங்களூரிலிருந்து வெள்ளை யூனிஃபார்மில் செல்ஃபி அனுப்புகிறாள். கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டால் அது இல்லை என்று ஆகிவிடுமா? நர்ஸாவதற்கு என்ன வேண்டும் என்று எங்கள் தெருவில் என்னிடம் கேட்கும் பெண்களுக்கு நான் உயிரியல் எடு, மார்க் எடு, கவுன்சலிங்குக்குப் போ என்றுதான் சொல்லியிருக்கிறேன். இருபது பிரசவத்தைச் சொன்னதில்லை. இருபது தலை இந்த இரண்டு கைக்குள் வந்து விழ வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கேஸ் புக்கில் ஒரு பக்கம் எழுத வேண்டும், தாயின் பெயர், வயது, எத்தனையாவது பிரசவம், நேரம், குழந்தை ஆணா பெண்ணா, எடை, அழுததா, எவ்வளவு நேரத்தில் அழுதது. நாங்கள் நாற்பது பேர். எங்களை அனுப்பிய தாலுகா ஆஸ்பத்திரியில் நாங்கள் இருந்த வாரங்களில் அத்தனை பேர் பிள்ளை பெறவே இல்லை. அதனால் தாய்மார்களைப் பங்கு போட்டோம். வலியோடு ஆட்டோவிலிருந்து இறங்குகிறவளிடம் ஓடிப்போய், “அக்கா, உங்க கேஸ நான் எடுத்துக்கட்டுமா?” முந்திக் கேட்டவளுக்கு அந்தத் தாய். பிரசவ அறைக் கதவில் எங்களைக் கண்டால் ஸ்டாஃப் சிஸ்டர், “வந்துட்ச்சி பாரு ரேஷன் கடை கியூவு” என்பார். ஒரு அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, “எட்த்துக்கோடி, அப்படியே ஊட்டுக்கும் தூக்கினு போயி வளர்த்துக்கோ” என்றாள். பெற்றுவிட்டு அவள்தான் முதலில் சிரித்தாள். அவள் என்னுடைய ஆறாவது. ஆண், மூன்று கிலோ நூறு, தொப்புள் கொடியை வெட்டுவதற்குள் என் மேல் மூத்திரம் பெய்தான்.

எத்தனை ஓடினாலும் இருபது வராது. பதினொன்று வரும், பதினாலு வரும். மிச்சத்துக்கு ரஞ்சிதம். ரஞ்சிதம், இருபத்துமூன்று வயது, இரண்டாவது பிரசவம், ஆண், இரண்டு கிலோ எண்ணூறு, பிறந்தவுடன் நன்றாக அழுதது. யார் முதலில் எழுதியது என்று யாருக்கும் தெரியாது, சீனியர்களின் புத்தகத்தில் இருந்தது, அவர்களின் சீனியர்களின் புத்தகத்திலும் இருந்ததாம். எங்கள் கல்லூரியில் ரஞ்சிதம் எத்தனை வருடமாகப் பிள்ளை பெறுகிறாளோ. ஒரே வாரத்தில் ஏழு பேர் கையில் பெற்றிருக்கிறாள், ஒரே நாளில் காலையில் நசீமாவிடமும் மத்தியானம் கோமதியிடமும் பெற்றிருக்கிறாள், அவளுக்கு இருபத்துநான்கு வயது ஆவதே இல்லை, ரத்தப்போக்கு இல்லை, தையல் இல்லை, ஒரு குழந்தைக்கும் மஞ்சள்காமாலைகூட வந்ததில்லை. “அவளுக்கு யாராச்சும் குடும்பக் கட்டுப்பாடு பண்ணி உடுங்கடி, பாவம்” என்று ஹாஸ்டலில் கோமதி சொல்ல எல்லோரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது கேஸ் ஆகியிருந்தது. பத்தொன்பதும் நிஜம். வகுப்பில் வேறு யாருக்கும் அத்தனை இல்லை. சாப்பிடாமல், லீவுக்கு வீட்டுக்குப் போகாமல், அடுத்தவள் விட்டுக்கொடுத்ததை எல்லாம் எடுத்து நான் சேர்த்தது. ரஞ்சிதம் எனக்கு வேண்டாம் என்று கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன். அந்தக் கர்வத்தை நினைத்தால் இப்போது காது சூடாகிறது. ஐம்பத்தெட்டு. நடுவில் நான்கு எண் எப்படிப் போனது? வராதவர்களைத் தாண்டிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

முதல் வருடம் முதல் மாதம், பியூலா மேடம் கரும்பலகையில் ‘காய்ச்சல் 102’ என்று எழுதினார், அதை அழித்தார், “நோயாளி சார்ட்ல இப்படி அழிச்சா என்ன அர்த்தம்?” என்று கேட்டார். “கொலைன்னு அர்த்தம்” என்றார். பிறகு மறுபடி எழுதி, அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டார். ஒற்றைக் கோடு. கிறுக்கக் கூடாது, ஒயிட்னர் வைத்தால் கை முறியும், மேலேயே எழுதக் கூடாது. அடித்தது அடியில் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுது, கையெழுத்துப் போடு, அன்றைய தேதியும் நேரமும் போடு, முந்தைய தேதியைப் போட்டு ஏமாற்றாதே. எழுத மறந்துபோய்ப் பிறகு எழுதினால் ‘தாமதப் பதிவு’ என்று மேலே எழுதிவிட்டு எழுது. “தப்பு பண்ணாத நர்ஸ் கிடையாது. தப்ப மறைக்கிற நர்ஸ்தான் ஆபத்து.” நான் அதை நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். படித்தவர்களின் உலகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன், தப்பைக்கூட ஒழுங்காகச் செய்வார்கள் என்று. எங்கள் வீட்டில் அப்படி ஒரு வசதி கிடையாது. அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள், இருபத்திரண்டு வருடமாக. துணி என்றால் தப்புத் தையலைப் பிரித்து மறுபடி தைக்கலாம், தோலில் முடியாது, பிரித்தால் ஊசி ஓட்டை அப்படியே நிற்கும். செக்கர் வந்து சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுவிட்டுப் போவான், அந்த ஜோடி ரிஜெக்ட், அன்றைக்கு அம்மாவுக்குத் திட்டு. “மொதல்லயே சரியா தச்சிடணும்டி, பிரிக்கிற பேச்சே வெச்சிக்கக் கூடாது” என்பாள், தையலைப் பற்றி மட்டுமல்ல, எல்லாவற்றையும் பற்றி. என்னையும் அப்படித்தான் வளர்த்தாள். மதிப்பெண் பட்டியலில் அடித்தல் இல்லை. பெயரில் அடித்தல் இல்லை. இரண்டாம் தடவை எழுதிய பரீட்சை இல்லை. ஓட்டையே இல்லாத ஒரு பெண். அறுபத்தொன்று.

நிரோஷா என்னுடையவள் இல்லை. முதலில் ஷர்மிளாதான் கேட்டு வாங்கினாள். இருபத்துநான்கு வயது, முதல் பிரசவம், மஞ்சள் நைட்டி, கையில் வளைகாப்பு வளையல் இன்னும் கழற்றாமல். காலையில் பதினொரு மணி இருக்கும். சிஸ்டர் வயிற்றில் கருவியை வைத்து இதயத் துடிப்பைத் தேடினார், இடம் மாற்றி வைத்தார், இன்னொரு கருவியை எடுத்துவரச் சொன்னார். டாக்டர் வந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நாளாக அசைவு இல்லை, வாயு என்று நினைத்தேன் என்று நிரோஷா சொன்னாள். டாக்டர் அவளிடம் நேராகவே சொன்னார், நல்லவிதமாகத்தான் சொன்னார், அவள் தலையை ஆட்டினாள், பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்து ஷர்மிளா என் கையைப் பிடித்து, “இது கணக்குல வராதுடி, நீ வேணும்னா எடுத்துக்கோ” என்றாள். ஷர்மிளா கெட்டவள் இல்லை, அவளுக்குப் பன்னிரண்டுதான் ஆகியிருந்தது, அவளுக்கு அழுகிற குழந்தை வேண்டும். நான் உள்ளே போனேன். ஏன் போனேன் என்று இந்த ஒன்றரை வருடத்தில் பல தடவை கேட்டுவிட்டேன். நல்ல மனதுடன் போனேன் என்று சொல்ல ஆசை. இருபதாவது என்று போனேன். அதுதான் நிஜம். போய் அவள் பக்கத்தில் நின்று, வழக்கமாகக் கேட்பதையே, அதைத் தவிர வேறு வார்த்தை தெரியாமல், “அக்கா, உங்க கேஸ நான் எடுத்துக்கட்டுமா?” என்றேன். கேட்டவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். “எட்த்துக்கோம்மா” என்றாள். “எழுதிக்குவ இல்ல? நோட்டுல? அந்தப் பொண்ணுங்க எல்லாருதும் எழுதிக்கினு இருந்தாங்களே.” எழுதுவேன் அக்கா என்றேன். “எம் பேரு நிரோஷா” என்றாள், ஏற்கனவே எனக்குத் தெரிந்திருந்தும். மத்தியானம் இரண்டு இருபது. வார்டில் சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வலி எல்லோருக்கும் போலத்தான் வந்தது, ஒரு துளி குறைவாக வரவில்லை. முக்குங்க அக்கா என்று நான் சொல்ல அவள் முக்கினாள். தலை வந்தது, தோள் வந்தது, மற்ற பத்தொன்பதுக்கும் என் கை எப்படி நின்றதோ அப்படியே நின்றது, வழுக்கல், சூடு, எடை, எல்லாம் அதேதான். பெண். நிறைய முடி. இரண்டு கிலோ நானூறு. பிறகு அந்த இடம். பத்தொன்பது தடவையும் அழுகை வருகிற அந்த இடம் வந்தது, கை தானாகவே காத்திருந்தது, தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. “யாரு மாதிரி கீது?” என்று நிரோஷா கேட்டாள். சிஸ்டர் கண்ணால் வேண்டாம் என்றார். நான், “உங்க நெத்தி அக்கா” என்றேன். அது நிஜம். அப்படியே அவள் நெற்றிதான். சிஸ்டர் பிறகு ஒன்றும் சொல்லாமல் குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றி அவளிடமே கொடுத்தார்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அது இருக்கிறது. 3318. அந்த எண்ணை நான் மறக்கவில்லை, என் செல்போன் எண்கூடச் சில சமயம் தடுமாறும். என் புத்தகத்தில்தான் இல்லை. சாயங்காலம் பியூலா மேடம் என் இருபதாவது பக்கத்தைப் பென்சிலில் எழுதியிருந்த நிலையிலேயே பார்த்தார். “இதை எழுதாதே.” ஏன் மேடம்? “ஸ்டூடண்ட் கையில இறந்து பிறந்ததுன்னு இருந்தா எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேள்வி கேட்பாங்க. காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருது.” வயிற்றிலேயே போயிடுச்சு மேடம், வரும்போதே துடிப்பு இல்ல, டாக்டர் எழுதியிருக்காங்க. “தெரியும்மா. உன் தப்புன்னு யாரு சொன்னா? நார்மல் டெலிவரி இருபது கேக்கறாங்க, இது நார்மலா?” எத்தனையோ பதில் அன்றிலிருந்து வாயில் ஊறிக் கிடக்கிறது, அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. “சரி, இன்னொண்ணு பிடிக்கறேன் மேடம்.” “போஸ்டிங் இன்னையோட முடியுது.” அவர் ஜன்னலைப் பார்த்தார். “எல்லாரும் எழுதறத நீயும் எழுதிக்கோ. நீ ஃபர்ஸ்ட் கிராஜுவேட். உனக்கெல்லாம் ரிஸ்க் எடுக்கற பொழப்பா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.” நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் என்னை அடித்துப் போட்டது. ரப்பரால் நிரோஷாவை அழித்தேன். பென்சில் என்பதால் அழிந்தாள். அந்த இடத்தில் நீலப் பேனாவால், அழகான கையெழுத்தில், ரஞ்சிதம், இருபத்துமூன்று வயது, ஆண், இரண்டு கிலோ எண்ணூறு, பிறந்தவுடன் நன்றாக அழுதது. மேடம் கீழே கையெழுத்துப் போட்டார். வைவா பரீட்சையில் எக்ஸ்டர்னல் நாற்பது புத்தகத்தையும் புரட்டினார், நாற்பதிலும் ரஞ்சிதம், அவர் கொட்டாவி விட்டபடி டிக் போட்டுத் தள்ளினார், எனக்கு முதல் வகுப்பு. அழித்தால் என்ன அர்த்தம்? கரும்பலகை. சாக்பீஸ் தூள். அறுபத்தாறு.

“ஏ பிள்ள, பேனா இருக்கா?” பக்கத்து நாற்காலி. தூத்துக்குடிக்காரி என்று பேச்சிலேயே தெரிகிறது, மடியில் அவளுடைய கோப்பு என்னுடையதைவிடத் தடிமனாக இருக்கிறது, ஜெபசீலி என்று அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிப் பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருக்கிறாள். பேனாவை நீட்டினேன். என் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தாள். “நீ இன்னும் சைன் போடலியா? உள்ள போனா அந்த சாரு ஏசுவாரு.” போடறேன் என்றேன். அவள் என் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். “ஐயோ, கேஸ் புக்க எதுக்குச் செமந்துட்டு வந்த? நான் எங்க ஆச்சி வீட்டு பரண்ல போட்டுட்டேன்.” எனக்கு ஏன் சொல்லத் தோன்றியது என்று தெரியவில்லை, தெரியாதவளிடம்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது, இதில் ஒரு கேஸ் பொய் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒண்ணா? ஒண்ணே ஒண்ணா?” வாயைப் பொத்திச் சிரித்தாள். “எங்க காலேஜ்ல அவ பேரு முத்துக்கனி. இருபத்தாறு வயசு. பொம்பளப் பிள்ள, மூணு கிலோ. எனக்கு மட்டும் ஆறு பிள்ள பெத்துத் தந்தா, புண்ணியவதி.” எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. எதிரில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். தமிழ்நாட்டில் எத்தனை கல்லூரி, ஒவ்வொன்றிலும் ஒருத்தி, வயது ஏறாமல், தையல் போடாமல், அழுகிற குழந்தைகளாகப் பெற்றுத் தள்ளுகிறாள். எங்கள் ரஞ்சிதமும் அவர்கள் முத்துக்கனியும் எங்காவது சந்தித்தால் என்ன பேசிக்கொள்வார்கள்? “இதுக்குப்போயி யாராச்சும் முழிச்சிட்டு இருப்பாவளா? சைனப் போட்டுட்டுப் போ பிள்ள. வார்டுக்குப் போயி ஒழுங்கா வேல பாத்தா சரியாப் போச்சு” என்றாள் ஜெபசீலி. அறுபத்தெட்டு. அவள் எண். எழுந்தாள், பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள், பூ வரைந்த கோப்பை அணைத்துக்கொண்டு போனாள்.

அவள் சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். ஒழுங்காக வேலை பார்த்தால் சரியாகிவிடும். குழந்தைகள் வார்டு. ஒருநாள் மருந்தின் அளவை நான் தப்பாக எழுதிவிடுவேன், தப்புப் பண்ணாத நர்ஸ் கிடையாது, அப்போது ஒரு மருத்துவரோ ஒரு மேலாளரோ நல்ல குரலில், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்பார். அன்றைக்கு என் கை எதைச் செய்யும்? கைக்கு எது பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். கை அப்படித்தான், தலை வந்தால் தானாகப் பிடிக்கிறது, அழித்துப் பழகினால் தானாக அழிக்கும். மேடம், நீங்கள் கேட்டீர்களே, இது நார்மலா என்று. அவள் நோயாளி இல்லையா, அவளுக்கு வலிக்கவில்லையா, அவள் முக்கவில்லையா, நான் பிடிக்கவில்லையா? அழுதால்தான் கணக்கு என்றால் நாங்கள் எண்ணுவது எதை? பிரசவத்தையா, அழுகையையா? எனக்கு ரிஸ்க் எடுக்கிற பிழைப்பில்லை, சரி. என்னைப் போன்றவர்களுக்கு ஓட்டையில்லாமல் இருப்பது ஒன்றுதான் வழி என்று நீங்களும் சொல்கிறீர்கள், அம்மாவும் சொல்கிறாள், நானும் நம்பினேன், அதனால்தான் பொய்யை அத்தனை அழகான கையெழுத்தில் எழுதினேன். என் புத்தகத்திலேயே அடித்தல் திருத்தல் இல்லாத, பார்க்க லட்சணமான பக்கம் அந்த ஒன்றுதான். மற்ற பத்தொன்பதிலும் மை கொட்டியிருக்கிறது, அவசரத்தில் எழுதியது, ஆறாவதில் தண்ணீர்க் கறைகூட இருக்கிறது. எழுபது. நடந்ததை எழுதினால் நிறுத்தி வைப்பார்கள். கல்லூரிக்கு ஃபோன் போகும். மேடத்துக்குப் பிரச்சினை வரும். வரட்டுமா? வரக் கூடாது என்றும் நினைக்கிறேன், வரட்டும் என்றும் நினைக்கிறேன், இரண்டும் என்னுடையதுதான். திங்கட்கிழமை போய்விடும். அம்மா கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், எம் பொண்ணு நர்ஸு. எழுபத்தொன்று. பயமாக இருக்கிறது. பயம் போன பிறகு செய்யலாம் என்றால் அது போகாது, எனக்குத் தெரியும், அது எங்கள் வீட்டில் எனக்கு முன்பே பிறந்தது. அது பாட்டுக்கு இருக்கட்டும். புத்தகத்தைத் திறந்தேன். ஆதார் அட்டையின் விளிம்பை வைத்து ரஞ்சிதத்தின் குறுக்கே கோடு போட்டேன். வரிக்கு ஒரு கோடு, ஒற்றைக் கோடு. பெயர் அடியில் தெரிகிறது. இரண்டு கிலோ எண்ணூறு தெரிகிறது. நன்றாக அழுதது தெரிகிறது. மேடத்தின் கையெழுத்தைத் தொடவில்லை, அதை அடிக்க எனக்கு உரிமையில்லை. எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. தாமதப் பதிவு என்று எழுதினேன். நிரோஷா, இருபத்துநான்கு வயது, முதல் பிரசவம். பிற்பகல் 2.20. பெண். இரண்டு கிலோ நானூறு. கருவிலேயே இறந்து பிறந்தது. அழவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவு எண் 3318. நெற்றியைப் பற்றி எழுத இடமில்லை, அதற்குக் கட்டம் கிடையாது, ஆனாலும் ஓரத்தில் சின்னதாக எழுதினேன், ‘தாயின் நெற்றி’. இன்றைய தேதி. இப்போது மணி பன்னிரண்டு பத்து. அம்சவேணி. இந்தத் தடவை அது என் பெயர் மாதிரி இருந்தது.

எழுபத்துநான்கு. கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் காகிதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார், டிகிரி, டிக், மதிப்பெண், டிக், போட்டோவையும் என்னையும் பார்த்தார், டிக். எல்லாம் நான்கு நிமிடம். “டிக்ளரேஷன்ல சைன் இல்லயேம்மா. போடு, போடு, பின்னால ஆள் நிக்குது.” முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே சொன்னார். கேஸ் புக் கேட்கவில்லை. எல்லோரும் சொன்னது சரிதான், கேட்கவே இல்லை. ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் புத்தகம் கோப்புக்கு அடியிலேயே கிடந்திருக்கலாம், கோடு போட்டதும் நிரோஷாவை எழுதியதும் எனக்கும் எனக்கும் நடுவில் இருந்திருக்கலாம். அதையும் ஒரு விதமாக அழிப்பது என்றுதான் சொல்ல வேண்டும். புத்தகத்தை எடுத்து இருபதாவது பக்கத்தைத் திறந்து கண்ணாடித் தடுப்புக்கு அடியால் தள்ளினேன். “சார், இதப் பாருங்க.” “அது வேணாம்மா. யாரு கேட்டா?” “யாரும் கேக்கல சார். நீங்க பாத்த பிறகு சைன் போடறேன்.” அவர் கண்ணாடியை இறக்கினார். படித்தார். எதிர்ப்பக்கத்தையும் படித்தார். முத்திரையைக் கீழே வைத்தார். “இன்னாம்மா இது, அடிச்சு எழுதியிருக்கே? அதுவும் இன்னைய தேதில.” “முன்னாடி எழுதினது பொய் சார். இதுதான் நடந்தது. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல செக் பண்ணிக்கலாம், நம்பர் போட்டிருக்கேன்.” “சூப்பர்வைசர் கையெழுத்து?” “பொய்க்குக் கீழ இருக்கு சார்.” அவர் என்னை எரிச்சலோடு பார்க்கவில்லை, களைப்போடுதான் பார்த்தார். “எல்லாம் சரியா இருந்ததே. நீயா ஏம்மா... இது உள்ள ரிஜிஸ்ட்ரார் மேடம் டேபிளுக்குப் போவணும். காலேஜுக்கு லெட்டர் போடுவாங்க. இது இருபதுல வருமா வராதான்னு வேற அவங்கதான் சொல்லணும். ஒரு வாரம் ஆவும், ஒரு மாசம்கூட ஆவும்.” “திங்கக்கிழமை ஜாயினிங் சார்.” “அப்பறம்?” “இருபதுல வரும் சார். அந்த அக்கா பெத்தாங்க. நான் பிடிச்சேன். இருபது.” விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தை என் பக்கம் இழுத்து, கோட்டுக்கு மேல் கையெழுத்துப் போட்டேன். அவர் புத்தகத்துக்குள் ஒரு மஞ்சள் சீட்டை வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கிளிப் போட்டு, உள்ளே போகிற கூடையில் வைத்தார். “வெளிய உக்காரு. கூப்பிடுவாங்க.”

என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். சுவர் ஓரமாக நிற்கிறேன். நான்கு வருடத்தில் முதல் தடவையாகக் கையில் எந்தக் காகிதமும் இல்லை. ஃபோன் அதிர்கிறது, அம்மா. கம்பெனியில் சாப்பாட்டு நேரம். “இன்னாடி ஆச்சி? நெம்பரு குட்த்தாங்களா?” பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம், டிபன் பாக்ஸ் மூடி. இல்லம்மா, இன்னிக்குக் குடுக்க மாட்டாங்க. “ஏன்? இன்னா தப்பு?” தப்பு என்னுதுதாம்மா. ஒரு பக்கம் பொய்யா எழுதியிருந்தேன், இப்ப அத அடிச்சிட்டு நெசத்த எழுதிட்டேன். அம்மா சுற்றியிருந்த பெண்களிடமிருந்து எழுந்து தள்ளிப் போகிறாள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. “திங்கக்கெழம?” தெரியலம்மா, போயிடலாம். “யாராச்சும் கண்டுபுடிச்சாங்களா?” இல்ல. நானேதான். எங்கோ ஒரு தையல் மெஷின் மட்டும் ஓடி நின்றது. “பிரிச்சிட்டியா” என்றாள் அம்மா, கேள்வி மாதிரியும் இல்லாமல் திட்டு மாதிரியும் இல்லாமல். “ஓட்ட தெரியுமேடி.” எதிரில் சிவப்பு எழுத்து எழுபத்தேழுக்கு மாறுகிறது. உள்ளறைக் கதவு திறக்கிறது, என் பச்சைப் புத்தகம் ஒருவர் கையில் இருக்கிறது, மஞ்சள் சீட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, யாரது அம்சவேணி என்று கேட்கிறார்கள். நான் கையைத் தூக்குகிறேன். “தெரியட்டும்மா” என்கிறேன் ஃபோனில். “தெரியணும்.”